கழற்றுவதற்கு முன்

பழுதுற்ற பொருளைச் சீர்செய்யும் தொழிலாளரை இரு வகையினராகப் பிரித்துக் காணலாம். கழற்றிப் போட்டுவிட்டுப் பழுதைத் தேடுவோர் ஒரு வகையினர். பழுது இன்னதெனத் தேர்ந்து தெளிந்த பின்னரே கழற்றுவோர் மற்றொரு வகையினர். முன்னவருக்குக் கருவிகள் இருந்தால் போதும். பின்னவருக்கோ கருவிகளோடு கேட்கும் செவியும், முகரும் மூக்கும், காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். இவ்விரு வகையினருக்கும் இடையேயுள்ள வேற்றுமை தானியங்கிக் கியர்ப்பெட்டியில் விளங்குவது போல வேறெங்கும் அத்துணைத் தெளிவாக விளங்குவதில்லை. ஏனெனில் அது வண்டியின் உறுப்புகளுள் விலைமிக்கது. மூடிய இரும்புக் கூட்டுக்குள் கண்ணுக்குப் புலப்படாமல் இயங்குவது. தவறாகக் கணித்துவிட்டால் வண்டிக்காரரின் பல மாத உழைப்பை ஒரே நாளில் விழுங்கிவிடுவது.

கேமரன் மலையில் காய்கறி பயிரிடுவோருக்குப் பிக்கப் வண்டி வெறும் ஊர்தி அன்று. அது அவர்களுடைய தொழிலின் முதுகெலும்பு. பறித்த முட்டைக்கோசும் தக்காளியும் ஒரு நாள் தங்கினாலும் விலை குன்றும். அத்தகைய உழவர் ஒருவரின் பிக்கப்பில், சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் அதிர்வு தோன்றியது. மலைப்பாதையில் இறங்கித் தாப்பாவைக் கடந்து, நெடுஞ்சாலையில் செலாயாங் மொத்தச் சந்தையை நோக்கிச் செல்லும்போது, 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி திடீரெனக் கற்கள் பரப்பிய பாதையில் ஓடுவது போல நடுங்கும், சிறிது நேரத்தில் தானே அடங்கும், மீண்டும் நடுங்கும். முதலில் பார்த்த பட்டறையில், “கியர்ப்பெட்டி போய்விட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும்” என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிட்டார்கள். கேட்ட தொகையோ அவர் ஒரு பருவம் முழுவதும் பாடுபட்டு ஈட்டும் வருவாய்க்கு நிகரானது. வண்டிக்கடன் இன்னும் தீரவில்லை. மூத்த மகள் அவ்வாண்டுதான் பல்கலைக்கழகத்தில் சேரவிருந்தாள்.

அவர் அடுத்து நாடியது தாப்பாவில் சிறு பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவரை. அம்முதியவர் செய்ததன் அருமையை உணர வேண்டுமாயின், தானியங்கிக் கியர்ப்பெட்டியின் உள்ளியக்கத்தைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

கையால் கியர் மாற்றும் வண்டியில் இஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைப்பதும் பிரிப்பதும் கிளட்ச். தானியங்கி வண்டியில் அந்த இடத்தில் இருப்பது டார்க் கன்வர்ட்டர், அதாவது முறுக்குவிசை மாற்றி. பெரிய பூசணிக்காய் வடிவத்தில் அமைந்த அக்கூட்டினுள் எண்ணெய் நிறைந்திருக்கும். இஞ்சினோடு சேர்ந்து சுழலும் பம்ப் சக்கரம் எண்ணெயை வீசி எறிகிறது. எதிரேயுள்ள டர்பைன் சக்கரம் அவ்வீச்சை ஏற்றுச் சுழன்று, கியர்ப்பெட்டிக்கு ஆற்றலைக் கொடுக்கிறது. ஒரு மின்விசிறியின் காற்று எதிரே நிற்கும் மற்றொரு விசிறியைச் சுழலச் செய்வதற்கு இதனை ஒப்பிடலாம். இரண்டிற்கும் நடுவில் ஸ்டேட்டர் என்னும் சிறு சக்கரம் ஒன்று உண்டு. டர்பைனிலிருந்து திரும்பும் எண்ணெயை அது மடைமாற்றிப் பம்ப் சக்கரத்திற்கு உதவியாக அனுப்புகிறது. அதனாலேயே வண்டி நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது இஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகுகிறது. சுமையோடு மேட்டில் ஏறும் பிக்கப்பிற்கு இது பெருந்துணை.

இவ்வமைப்பு முதலில் சாலைக்காகத் தோன்றியதன்று. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் கப்பல்களின் நீராவி டர்பைனுக்காக இதனை வகுத்து 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1948ஆம் ஆண்டில் பியூக் நிறுவனத்தின் டைனஃபுளோ கியர்ப்பெட்டி இதனைக் கார்களில் பரவச் செய்தது. எனினும் இதற்கு ஒரு குறை உண்டு. எண்ணெய் வழியாகச் செல்லும் ஆற்றலில் ஒரு பகுதி எப்போதும் வழுக்கி வெப்பமாகிவிடுகிறது. அவ்விழப்பைத் தவிர்க்கும் பொருட்டு, 1949ஆம் ஆண்டில் பேக்கார்ட் நிறுவனம் தன் கியர்ப்பெட்டியில் லாக்அப் கிளட்ச் ஒன்றைச் சேர்த்தது. சீரான வேகத்தில் வண்டி ஓடும்போது இக்கிளட்ச் பம்ப் சக்கரத்தையும் டர்பைனையும் ஒன்றாகப் பூட்டிவிடும், வழுக்கலும் நின்றுவிடும். 1973ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடிக்குப் பின்னர் இவ்வமைப்பு மிகப் பரவலாயிற்று. இன்றைய தானியங்கிப் பிக்கப்புகளில் இதனைப் பொதுவாகக் காணலாம்.

இதனை மனத்திற்கொண்டு முதியவரின் பட்டறைக்குச் செல்வோம். அவர் ஒரு திருகையும் தொடவில்லை. முதலில் கேள்விகளையே தொடுத்தார். அதிர்வு மேட்டில் வருகிறதா, சமதரையிலா? வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்பா? ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதா, இலேசாக வைத்திருக்கும்போதா? கியர் மாறும் தருணத்திலா, மாறாமல் ஓடும்போதா? கடைசியாக வண்டியில் என்ன வேலை நடந்தது?

உழவர் எண்ணிப் பார்த்து விடை கூறினார். மேட்டில் அதிர்வு இல்லை. சமதரையில், வண்டி சூடேறிய பின்னர், இலேசாக மிதித்துச் சீராக ஓட்டும்போதே வருகிறது. கியர் மாறும்போது ஒன்றும் தெரியவில்லை. சில மாதங்களுக்கு முன்னர் வழியில் ஒரு பட்டறையில் கியர் எண்ணெய் மாற்றியதும் உண்டு. “என்ன எண்ணெய் ஊற்றினார்கள், தம்பி?” என்று முதியவர் கேட்டார். “அது தெரியாது, அண்ணே. சிவப்பு எண்ணெய்தான். எல்லாம் ஒன்றுதானே?” என்றார் உழவர். முதியவர் மறுமொழி கூறவில்லை; கையாளை அழைத்துப் பழந்துணி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்.

கேள்விகள் முடிந்தபின் எண்ணெய்ச் சோதனை. அவ்வண்டியில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி இருந்தது. பல புதிய பிக்கப்புகளில் அக்கம்பி இல்லை. குறிப்பிட்ட வெப்பநிலையில் அடிப்பக்கத் திருகைத் திறந்தே அளவை அறிதல் வேண்டும். சமதரையில் நிறுத்தி, கியர்ப்பெட்டி சூடேறிய நிலையில், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்த்தார். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் குன்றும், கிளட்சுகள் வழுக்கும். மிகுந்தாலும் சுழலும் உறுப்புகள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும்; விளைவு அதுவே. ஆதலால் அளவு பார்க்காமல் செய்யும் எந்தக் கணிப்பும் அடித்தளமில்லாத வீடாகும்.

அளவு சரியாக இருந்தது. பின்னர் எண்ணெயைத் துணியில் துடைத்து ஒளியில் பார்த்தார், முகர்ந்தார், விரலிடையே தேய்த்தார். எண்ணெய் கறுத்துத் தீய்ந்த நாற்றம் வீசினால், கிளட்சுகளின் உராய்வுப் பரப்புகள் எரிந்தனவென்று பொருள். உலோகத் துகள்கள் மின்னினால், உள்ளே இரும்பு இரும்பைத் தின்கிறது. பால் கலந்தது போல வெளிறியிருந்தால் ரேடியேட்டர் நீர் எண்ணெயோடு கலந்துவிட்டது. அந்நீர் உராய்வுப் பரப்புகளை ஊறவைத்து உரித்துவிடும். இம்மூன்றில் ஒன்று தென்பட்டிருந்தால், அவரே பெட்டியைத் திறக்கச் சொல்லியிருப்பார். இங்கே எண்ணெய் பழுப்பேறியிருந்தது, தீய்ந்த நாற்றமில்லை, துகள்களும் இல்லை.

மூன்றாவது சோதனைக்கு ஒரு கடிகாரமே போதும். பிரேக்கை அழுத்தியபடி கியர்க்கோலை ‘N’ நிலையிலிருந்து ‘D’ நிலைக்கு மாற்றினால், உள்ளே கிளட்ச் பற்றுவதை ஓர் இலேசான அசைவால் உணரலாம். மாற்றிய கணத்திற்கும் அவ்வசைவிற்கும் இடைப்பட்ட நேரத்தை அளக்க வேண்டும். டொயோட்டா நிறுவனத்தின் பழுதுபார்ப்புக் கையேடுகள் பலவற்றில் ‘D’ நிலைக்கு 1.2 விநாடிக்கும், ‘R’ நிலைக்கு 1.5 விநாடிக்கும் உட்பட்ட நேரம் தக்கதெனக் குறிக்கப்பட்டுள்ளது. மிகுதியான தாமதம் அழுத்தக் குறைவையோ தேய்ந்த கிளட்சையோ காட்டும். உழவரின் வண்டி தாமதமின்றிப் பற்றியது. கியர்ப்பெட்டியின் பெரும்பகுதி நலமாக உள்ளது என்பதற்கு இது இரண்டாம் சான்று.

கையாளாக இருந்த இளைஞன், “ஸ்டால் சோதனை செய்து பார்க்கலாமே, ஐயா?” என்றான். நான்கு சக்கரங்களுக்கும் கட்டை வைத்து, இரு பிரேக்குகளையும் அழுத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து, இஞ்சின் எவ்வளவு வேகம் வரை சுழல்கிறது என்று பார்ப்பதே அச்சோதனை. ‘D’, ‘R’ இரண்டிலும் சுழற்சி உரிய அளவுக்கு மேல் சென்றால் அழுத்தம் குறைவு எனலாம். ஒன்றில் மட்டும் மிகுந்தால் அந்நிலைக்குரிய கிளட்ச் வழுக்குகிறது. இரண்டிலும் குறைந்தால் இஞ்சினுக்கு வலுவில்லை, அல்லது ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்ச் பிடிக்கவில்லை. ஆனால் வண்டி நகராதபோது இஞ்சினின் ஆற்றல் முழுவதும் எண்ணெயில் வெப்பமாக இறங்கும். ஆகவே ஐந்து விநாடிக்கு மேல் அதனைச் செய்யலாகாது. முதியவர் தலையசைத்து மறுத்தார். “புறப்படுவதிலும் மேடு ஏறுவதிலும் குறையே இல்லை என்று தம்பி சொல்கிறாரே. இல்லாத நோய்க்கு ஏன் கடுஞ்சோதனை?” என்றார்.

அவர் கூறியதில் ஆழ்ந்த தருக்கம் உண்டு. ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்ச் பிடிமானம் இழந்தால், வண்டி புறப்படும்போது சோர்ந்து நகரும். வேகமெடுத்தபின் இயல்பாக ஓடும். அது இறுகிச் சிக்கிக்கொண்டால், நன்றாகப் புறப்படும், ஆனால் உயர்வேகம் எட்டாது, எண்ணெயும் கொதிக்கும். லாக்அப் கிளட்ச் விடுபடாமல் நின்றால், வண்டியை நிறுத்தும்போது இஞ்சின் உதறி அணைந்துவிடும். அது பூட்டவே இல்லையென்றால் எரிபொருள் கூடுதலாகும், வெப்பம் மிகும்; ஆயினும் வண்டி நடுங்காது. இவ்வாறு ஒவ்வொரு பழுதும் தனக்கென ஓர் அடையாளத்தைத் தாங்கியே வருகிறது. உழவர் சொன்ன அடையாளங்கள் இவற்றுள் எதனோடும் பொருந்தவில்லை. சீராக ஓடும்போது மட்டும் தோன்றும் நடுக்கம், பூட்டும் நேரத்தில் லாக்அப் கிளட்ச் பற்றியும் பற்றாமலும் தடுமாறுவதையே சுட்டியது.

சுட்டுவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. ஆதலால் முதியவர் உழவரை அருகில் அமர்த்திக்கொண்டு வண்டியை நெடுஞ்சாலைக்கு ஓட்டிச் சென்றார். பின்னால் வண்டி ஏதும் இல்லாத நேரமாகப் பார்த்து, நடுக்கம் தொடங்கியதும், ஆக்ஸிலரேட்டரை மாற்றாமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடக்காலால் பிரேக்கைத் தொட்டார். பிரேக் தொடப்பட்டதும் லாக்அப் கிளட்ச் தானே விடுபடுவது இவ்வமைப்பின் இயல்பு. நடுக்கம் அக்கணமே நின்றது. காலை எடுத்தார், சில விநாடிகளில் கிளட்ச் மீண்டும் பூட்டியது, நடுக்கமும் மீண்டது. மூன்று முறை செய்து பார்த்தார். மூன்று முறையும் அவ்வாறே நிகழ்ந்தது.

இத்துடன் முடிவு கட்டிவிடுபவரே பலர். முதியவர் இன்னுமொரு படி சென்றார். இஞ்சினே எரிபொருளைச் சீராக எரிக்காமல் தடுமாறினாலும் இதே போன்ற நடுக்கம் வரும். கன்வர்ட்டர் பூட்டப்படாதபோது இடையிலுள்ள எண்ணெய் அத்தடுமாற்றத்தை விழுங்கிவிடுகிறது. பூட்டப்பட்டதும் அது நேரே வண்டியின் உடலுக்கு வந்துசேர்கிறது. ஆகவே பிரேக் சோதனை ஒன்றை மட்டும் நம்பினால், இஞ்சினின் குற்றத்திற்குக் கன்வர்ட்டர் தண்டனை பெறும். அவர் கியரை ஒரு படி இறக்கி, லாக்அப் பூட்டாத நிலையில், இஞ்சினை அதே சுழற்சியில் சுமையோடு ஓட்டிப் பார்த்தார். இஞ்சின் சீராகவே இருந்தது. பட்டறைக்குத் திரும்பி ஸ்கேனர் கருவியை இணைத்து இன்ஜெக்டர்களின் அளவுகளைப் பார்த்தார், அவற்றிலும் குறையில்லை. பிறகு அக்கருவியோடு மீண்டும் ஓடி, இஞ்சினின் சுழற்சிக்கும் டர்பைனின் சுழற்சிக்கும் உள்ள வேற்றுமையைக் கவனித்தார். சீராகப் பூட்டியிருந்தால் அவ்வெண் அமைதியாக நிற்க வேண்டும். இங்கே நடுக்கத்தின்போது அது ஏறியும் இறங்கியும் ஆடிக்கொண்டிருந்தது. ஐயம் நீங்கியது.

பழுது லாக்அப் கிளட்சில் என்று தெளிந்த பின்னும், ‘அது ஏன் தடுமாறுகிறது?’ என்ற வினா எஞ்சியிருந்தது. உராய்வுப் பரப்புத் தேய்ந்திருக்கலாம். அல்லது எண்ணெயே தகாததாக இருக்கலாம். தானியங்கிக் கியர் எண்ணெய் வழவழப்பை மட்டும் தருவதன்று. கிளட்ச் எந்த அளவுக்குப் பற்ற வேண்டும், எந்த அளவுக்கு மென்மையாக வழுக்கிச் சேர வேண்டும் என்பதையும் அதிலுள்ள கலவைகளே வரையறுக்கின்றன. நிறம் சிவப்பென்பதால் எல்லா எண்ணெயும் ஒன்றாகிவிடாது. எனவே முதியவர், அவ்வண்டிக்கென விதிக்கப்பட்ட எண்ணெயை வரவழைத்தார். அடித்திருகைத் திறந்து வடித்தால் ஒரு பகுதியே வெளியேறும். எஞ்சியது கன்வர்ட்டரில் தங்கிவிடும். ஆதலால் வடித்து, நிரப்பி, ஓட்டி, மீண்டும் வடித்து, இவ்வாறு மூன்று முறை மாற்றினார். “இதில் தீராவிட்டால் கன்வர்ட்டரை இறக்கத்தான் வேண்டும், தம்பி. ஆனால் முதலில் இதைப் பார்த்துவிடுவோம்” என்று முன்கூட்டியே கூறவும் அவர் தவறவில்லை. ஒரு வாரத்திற்குள் நடுக்கம் படிப்படியாக மறைந்தது. கியர்ப்பெட்டிக்கென ஒதுக்க எண்ணியிருந்த பணம் மகளின் படிப்புச் செலவுக்குத் தப்பியது.

இஃது ஒரு சிற்றூர்ப் பட்டறையில் மட்டும் நிகழக்கூடியது என்று கருதுவோர் உளராயின், அவர்கள் அமெரிக்காவில் நடந்ததைக் காண்பார்களாக. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் எட்டு வேகக் கியர்ப்பெட்டி பொருத்திய சில்வராடோ, கொலராடோ முதலிய பிக்கப்புகள் பலவற்றில் இதே நடுக்கம் தோன்றியது. மணிக்கு ஏறத்தாழ 40 முதல் 130 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில், இலேசாக மிதித்துச் சீராக ஓட்டும்போது அது வரும். தொடக்கத்தில் பல வண்டிகளில் டார்க் கன்வர்ட்டரையே மாற்றினார்கள். மாற்றியும் சிலவற்றில் நடுக்கம் மீண்டது. எண்ணெய் ஈரத்தை ஈர்ப்பதே நடுக்கத்தோடு தொடர்புடையதென்று பின்னர்க் கண்டு, 2019ஆம் ஆண்டில் வேறு கலவை கொண்ட எண்ணெயை முழுமையாக மாற்றி நிரப்பும்படி அந்நிறுவனம் தன் பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. ஆராய்ச்சிக் கூடங்களும் ஆயிரக்கணக்கான பொறியாளர்களும் உடைய நிறுவனத்திற்கே இரும்பிலிருந்து எண்ணெய்க்கு வந்துசேரக் காலம் பிடித்தது.

பொறுமை என்பது காலந்தாழ்த்துவதன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நடுக்கத்தைப் பொருட்படுத்தாமல் மாதக்கணக்கில் ஓட்டியிருந்தால், கிளட்சின் உராய்வுப் பரப்புத் துகள்களாக உதிர்ந்து எண்ணெயோடு சென்று வால்வுகளை அடைத்திருக்கும். அப்போது முதல் பட்டறையின் தீர்ப்பே மெய்யாகியிருக்கும். அசட்டையாக விட்டுவிடுவதும் அவசரப்பட்டுக் கழற்றுவதும் ஒரே இடத்திற்கே கொண்டுசேர்க்கும். எளியதிலிருந்து அரியதற்கும், செலவற்றதிலிருந்து செலவுமிக்கதற்கும், வெளியிலிருந்து உள்ளுக்கும் முறையாகச் செல்வதே நடுவழி. வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கும் இதனோடு ஒத்த உணர்வுடையதே ஆகும்.

இம்முறை பட்டறையோடு நின்றுவிட வேண்டியதில்லை. வகுப்பறையிலும் விரைந்து கூறப்படும் தீர்ப்புகள் உண்டு. கரும்பலகையில் எழுதியதைப் பார்த்தெழுதாத மாணவன் ‘மக்கு’ என்று பெயர் பெறுகிறான். அழைத்தால் மறுமொழி சொல்லாதவள் ‘திமிர் பிடித்தவள்’ ஆகிறாள். முதற்பாட வேளையில் உறங்குபவன் ‘சோம்பேறி’. இவை யாவும் “கியர்ப்பெட்டி போய்விட்டது” என்பதைப் போன்ற சொற்களே. சொல்வதற்கு எளியவை, ஆனால் அவற்றின் விலையைச் செலுத்துவது அக்குழந்தை. எப்போது எழுதவில்லை, எந்த இருக்கையிலிருந்து எழுதவில்லை, புத்தகத்தைக் கையில் கொடுத்தால் படிக்கிறானா என்று கேட்டுப் பார்த்தால், பழுது அறிவில் அன்று, கண்ணில் என்று தெரியக்கூடும். பின்னாலிருந்து அழைத்தும் முன்னாலிருந்து அழைத்தும் பார்த்தால் செவியின் குறை வெளிப்படக்கூடும். உறங்குபவன் எத்தனை மணிக்குப் படுத்தான், காலையில் உண்டானா என்று கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் படிப்பில் குறையே என்று தெரிந்தால், அதற்குரிய உழைப்பை மேற்கொள்ள ஆசிரியர் தயங்கலாகாது. முதியவரும் கன்வர்ட்டரை இறக்கும் வேலைக்கு அணியமாகவே இருந்தார்.

ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. தவறாக மாற்றிய கியர்ப்பெட்டிக்கு இழப்பு பணத்தோடு முடிந்துவிடும். தவறாகச் சூட்டிய பெயரை ஒரு குழந்தை பள்ளியை விட்டு நீங்கிய பின்னும் சுமந்து திரியும். ஆதலால் பட்டறைக்காரர் ஒருமுறை கேட்கும் இடத்தில் ஆசிரியர் இருமுறை கேட்பது தகும்.